ஜப்பானிய அனிமே நிறுவனமான ஸ்டுடியோ கிப்லியின் படங்களுக்கு இசையமைப்பாளர் ஜோ ஹிசைஷி போட்ட இசையில் அதிகம் பேசப்படுபவை எவை? எந்தப் பதிவிலிருந்து கேட்கத் தொடங்கலாம்? கீபோர்டில் வாசிக்க முடியுமா?

பெயர் மட்டும் போதும் என்றால் இரண்டு: ஹவுல்ஸ் மூவிங் காஸில் (2004) படத்தின் 'மெர்ரி கோ ரவுண்ட் ஆஃப் லைஃப்', ஸ்பிரிட்டட் அவே (2001) படத்தின் 'ஒன் சம்மர்ஸ் டே'. ஆனால் பெயரைத் தேடிப் போட்டால் ஒரே மெட்டு நாலைந்து வடிவங்களில் வந்து நிற்கும். முதலில் கையில் சிக்கியது பொருத்தமில்லாத வடிவம் என்றால், 'இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்' என்று தோன்றிவிடும்.

இத்தனை வடிவங்கள் இருப்பதற்குக் காரணம் ஹிசைஷியும் கிப்லி இயக்குநர் ஹயாவோ மியாசாகியும் வேலை செய்த முறை. மியாசாகி படங்களுக்கு, படம் முடியும் முன்பே இயக்குநரின் குறிப்புகளையும் ஓவியங்களையும் வைத்துச் சில மெட்டுகளைப் போட்டு, அதை 'இமேஜ் ஆல்பம்' என்று தனியாக வெளியிடுவது வழக்கம். 1984இல் வந்த நவ்சிகா படத்துக்கு இமேஜ் ஆல்பம் 1983லேயே வந்துவிட்டது. அந்த மெட்டுகளில் பொருந்தியவற்றை எடுத்து, காட்சியின் நீளத்துக்கு வெட்டி, மறுபடி இசைக்கோர்ப்பு செய்து பதிவாவது சவுண்ட்ட்ராக். அதற்கும் பிறகு சிம்ஃபொனிக் சூட் (ஆர்கெஸ்ட்ராவுக்கான தொகுப்பு), பியானோ தனி, பாடல் வடிவம் என்று வளரும். எண்பதுகளின் இமேஜ் ஆல்பங்களில் சிந்தசைசர் வாடை தூக்கல். பெரிய ஆர்கெஸ்ட்ராவை எதிர்பார்த்து அவற்றைப் போட்டால் ஏமாற்றம்தான். புதிதாகக் கேட்பவர் 'சவுண்ட்ட்ராக்' என்று எழுதியிருப்பதையே எடுங்கள்.

2023இல் டாய்ச் கிராமோபோன் இசை நிறுவனம் வெளியிட்ட 'எ சிம்ஃபொனிக் செலிப்ரேஷன்', ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவுடன் செய்தது, ஒலித்தரம் பிரமாதம். இருந்தாலும் அது மேடைக்காக விரித்த இசை. காட்சியோடு மூச்சுவிடும் அந்தச் சுருக்கம் அதில் கிடைக்காது. அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். பார்த்துக்கொண்டே கேட்க விரும்பினால் 2008 ஆகஸ்டில் டோக்கியோ புடோகான் அரங்கில் நடந்த கச்சேரியின் பதிவு இருக்கிறது. நியூ ஜப்பான் ஃபில்ஹார்மோனிக்கோடு பாடகர் குழுக்களையும் சேர்த்து மேடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள்.

'மெர்ரி கோ ரவுண்ட்' ஏன் இவ்வளவு ஒட்டிக்கொள்கிறது? கதாநாயகி சோஃபி சாபத்தால் 18 வயதுப் பெண்ணிலிருந்து 90 வயதுக் கிழவியாகிறாள். படம் முழுக்க அவள் முகமும் வயதும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் இசையாவது ஒரே இழையாக இருக்கட்டும் என்று ஒரே மெட்டை வைத்தே படத்தை நடத்தச் சொன்னார் மியாசாகி. மெட்டு ஜி மைனரில் ஒரு வால்ட்ஸ், அதாவது மூன்று எண்ணிக்கையில் சுழலும் நடன இசை. தொடக்கமே ஜி மைனர் கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தின்) சுரங்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறுவதுதான், அவ்வளவு எளிமை. மந்திரவாதி ஹவுலும் சோஃபியும் வானத்தில் நடக்கும் காட்சியில் அது துள்ளும். வேறொரு இடத்தில் வேகம் குறைந்து, தனி வாத்தியத்தில் சோகமாகும். ஆகவே தனிப்பாட்டாக ஒருமுறை கேட்டுவிட்டு நகராதீர்கள். சவுண்ட்ட்ராக்கை வரிசையாகப் போட்டு, அதே மெட்டு எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று பிடிக்க வேண்டும். ஹிசைஷியின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் தெரியும்.

'ஒன் சம்மர்ஸ் டே' இதற்கு நேர் எதிர். தாளம் என்று ஒன்று பிடிபடுவதற்கு முன்பே பியானோ கார்டுகள் விழுந்து அப்படியே தொங்கும். புது வீட்டுக்குப் போகும் காரில் பூங்கொத்தோடு சிறுமி சிஹிரோ படுத்திருக்கும் முதல் காட்சி அது. இதே மெட்டு படத்தின் பின்பகுதியில் 'ரீப்ரைஸ்' என்ற பெயரில் திரும்பி வரும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வரிகளோடு வேண்டுமென்றால் அயாகா ஹிராஹரா பாடிய 'இனோச்சி நோ நமயே'. என் கணக்கில் இந்தப் படத்தின் சிறந்த துண்டு இவை எதுவுமே இல்லை, தண்ணீர் மேல் ரயில் போகும்போது வரும் 'சிக்ஸ்த் ஸ்டேஷன்'தான். ஹிசைஷி மினிமலிச இசையிலிருந்து, அதாவது சிறு துணுக்குகளைத் திரும்பத் திரும்ப அடுக்கும் பாணியிலிருந்து, வந்தவர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

லாப்யூடா (1986) படத்தின் 'கிமி வோ நொசேத்தே', மியாசாகி எழுதி அசூமி இனொவே பாடியது. ஜப்பானியப் பள்ளிப் பாடகர் குழுக்கள் விடாமல் பாடும் பாட்டு. கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு: நடபைரவியின் ஸ்வரங்களில் ச ரி க, ரி க ப ரி என்று தொடங்கும். இந்தப் படத்தின் இசையில் ஒரு சிக்கல் உண்டு. டிஸ்னியின் ஆங்கிலப் பதிப்புக்காக 1999இல் ஹிசைஷியே பின்னணி இசையை நீட்டி, பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதினார். மூலத்தில் மௌனமாக இருந்த பல இடங்களில் அதில் இசை ஓடும். நீங்கள் பார்த்த படத்துக்கும் வாங்கிய ஆல்பத்துக்கும் பொருந்தவில்லை என்றால் காரணம் இதுதான். மூலப் பதிவே மேல். அந்த மௌனங்களும் இசையின் பகுதி.

மற்ற கிப்லி படங்களில் டோட்டோரோவின் 'பாத் ஆஃப் த விண்ட்', கிக்கியின் 'எ டவுன் வித் ஆன் ஓஷன் வியூ', மோனோனோகேயின் 'லெஜண்ட் ஆஃப் அஷிடாகா', போர்கோ ரொஸ்ஸோவின் 'பைகோன் டேஸ்' இந்த நான்கையும் விடக்கூடாது.

பிளேலிஸ்ட்களில் அவர் பெயரில் தவறாகச் சுற்றுபவையும் நிறைய. ஸ்பிரிட்டட் அவேயின் முடிவுப் பாடல் 'ஆல்வேஸ் வித் மீ' யூமி கிமூரா இசையமைத்துப் பாடியது. கிக்கியின் தொடக்கப் பாடல் யூமி அராயுடையது. விஸ்பர் ஆஃப் த ஹார்ட் படத்தின் பின்னணி இசை யூஜி நோமியுடையது. 'சம்மர்' ஹிசைஷியுடையதுதான், ஆனால் அனிமே இல்லை. தகேஷி கிடானோவின் கிகுஜிரோ (1999) படத்துக்குப் போட்டது.

கீபோர்டுக்கு வருவோம். 'கிமி வோ நொசேத்தே'யை முதலில் எடுங்கள். ஏ மைனருக்கு மாற்றிய எளிய இசைத் தாள்களில் பெரும்பாலும் வெள்ளைக் கட்டைகளே போதும். 'மெர்ரி கோ ரவுண்ட்' அடுத்து. ஜி மைனர் என்பதால் பி, ஈ இரண்டும் ஃப்ளாட் (அரைச் சுரம் கீழே, கறுப்புக் கட்டை). இடது கை முதல் எண்ணில் பாஸ் (கீழ்ச்சுரம்), இரண்டிலும் மூன்றிலும் கார்டு. பலரும் அந்த இரண்டு, மூன்றைப் பலமாக அடிப்பார்கள், வால்ட்ஸ் அணிவகுப்பாகிவிடும். அவற்றை விரல் நுனியால் தொட்டுவிட்டால் போதும். பெடலைக் கார்டு மாறும் ஒவ்வொரு முறையும் எடுத்து மறுபடி அழுத்த வேண்டும், இல்லையென்றால் கீழ்ச்சுரங்கள் கலந்து குழம்பும். இடது கையைத் தனியாக, மெதுவாக, பார்க்காமல் வரும்வரை வாசித்த பிறகே வலது கையைச் சேருங்கள்.

'ஒன் சம்மர்ஸ் டே' எளிதாகத் தெரியும், ஆனால் கடைசியில் எடுப்பது நல்லது. எளிமைப்படுத்திய தாள்களில் கார்டுகளின் ஏழாம், ஒன்பதாம் சுரங்களை வெட்டிவிடுகிறார்கள். அந்தத் தொடக்கத்தின் நிறமே அவைதான். அவை போனால் மிச்சம் வெறும் மூன்று சுரக் கார்டு. விலை கூடினாலும் முழு பியானோ தாளையே வாங்குங்கள். தொடக்கக் கார்டுகளுக்கு மெட்ரோனோம் (எண்ணிக்கை தட்டும் கருவி) போடாதீர்கள், முந்தைய ஒலி தேயும்வரை விட்டு அடுத்ததை வையுங்கள்.