கிளிப் கழற்றிய பிறகு பற்களுக்கு நடுவே சந்து விழுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 27. முன்பற்கள் எத்தலாகவும் நெருக்கமாகவும் இருந்ததால் நான்கு பற்களை எடுத்துவிட்டுக் கிளிப் போட்டார்கள். இரண்டு வருடம் கழித்துக் கழற்றியபோது பற்கள் அழகாகச் சேர்ந்திருந்தன. பற்கள் நகராமல் பிடித்து வைக்க, கழற்றி மாட்டும் ரீடெய்னர் கொடுத்தார்கள். ஐந்தாறு மாதம் ஒழுங்காகப் போட்டேன். அப்புறம் மெல்ல விட்டுப்போனது. இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டுக்கும் இடையே சந்து தெரிகிறது. பல் எடுத்த இடத்தில் ஒரு பக்கம் சாப்பாடு மாட்டிக்கொள்கிறது. கீழ் முன்பற்களில் ஈறை ஒட்டிக் கறுப்பாக முக்கோணம் போல ஓர் ஓட்டை இருக்கிறது. சிகிச்சையைச் சரியாகச் செய்யவில்லையா? மறுபடியும் கிளிப் போட வேண்டுமா?

பதில்: உங்கள் கேள்வியில் மூன்று இடைவெளிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்க வாய்ப்பு குறைவு. நேரில் பார்க்காமல் இதுதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எந்த இடைவெளிக்கு எதைத் தேட வேண்டும் என்று சொல்லலாம். கிளிப் பற்றிய கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வோம். காரணம் தெரியாமல் மூடிய சந்து மறுபடி திறந்துகொள்ளும். அதை இரண்டு முறை மூடி, இரண்டு முறையும் திறந்துபோய் வருகிறவர்கள் உண்டு.

பல் நேராக எலும்பில் ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. கிளிப் கொடுக்கும் அழுத்தத்தில் பல் நகரும்போது, முன்னால் இருக்கும் எலும்பு கரைகிறது, பின்னால் புது எலும்பு வளர்கிறது. நார்கள் இழுபட்டு முறுக்கேறுகின்றன. கிளிப்பைக் கழற்றும் நாளில் பல் புது இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் அதைச் சுற்றியிருக்கும் நார்களுக்கு இன்னும் பழைய இடத்து இழுப்பு போகவில்லை. வேரைச் சுற்றியுள்ள நார்கள் புது நிலைக்கு ஏற்பச் சீராக 3 முதல் 4 மாதங்கள் ஆகும். ஈறில் இருக்கும் கொலாஜன் நார்களுக்கு 4 முதல் 6 மாதங்கள். பல்லின் கழுத்தைச் சுற்றி ஈறில் இருக்கும் மீள்தன்மை கொண்ட நார்கள்தான் பிடிவாதக்காரர்கள். அவை அடங்க ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம்.

இந்தக் கணக்கோடு உங்கள் ஐந்தாறு மாதத்தை வைத்துப் பாருங்கள். எலும்பை ஒட்டிய நார்கள் ஓரளவு படிந்துவிட்டன. ஈறின் மேல்பகுதி நார்கள் படிவதற்குள் பிடியை விட்டுவிட்டீர்கள். அதுவரை ஒழுங்காகப் போட்டதால்தான் சந்து இந்த அளவோடு நிற்கிறது என்று நினைக்கிறேன்.

இனி ஒவ்வோர் இடைவெளியாகப் பார்ப்போம்.

மேல் நடுப்பற்களின் சந்து. சிகிச்சைக்கு முன்பும் இதே இடத்தில் சந்து இருந்ததா? பழைய புகைப்படங்களை எடுத்துப் பாருங்கள். இருந்திருந்தால், மீண்டும் அங்கேயே திறப்பது எதிர்பார்க்கக்கூடியதுதான். எல்லா இடைவெளிகளிலும் அதிகமாகத் திரும்பி வருவது இந்த நடுச்சந்துதான். மேலுதட்டின் உள்பக்கத்திலிருந்து ஈறுக்கு வரும் சிறிய தசைமடிப்பு சிலருக்குத் தடித்து, இரண்டு பற்களுக்கும் நடுவே இறங்கி, பின்பக்கம் வரை போகும். கண்ணாடி முன் நின்று மேலுதட்டை மேலே தூக்கிப் பிடியுங்கள். பற்களுக்கு நடுவில் இருக்கும் ஈறு வெளுத்துப் போனால், அந்த மடிப்புக்கு இதில் பங்கு இருக்கலாம். அதைச் சிறு அறுவை மூலம் நீக்க முடியும். அதிலும் வரிசை முக்கியம்: முதலில் சந்தை மூடிவிட்டுப் பிறகு மடிப்பை நீக்குவதே வழக்கம். முன்னதாகவே வெட்டிவிட்டால், ஆறும்போது உருவாகும் வடுத்திசு பற்கள் சேர்வதற்குத் தடையாகிவிடலாம்.

அடுத்தது பற்களின் அளவு. மேல்வரிசையில் நடுப்பல்லுக்குப் பக்கத்துப் பல் பலருக்குச் சின்னதாக இருக்கும், சிலருக்கு ஆணி போலக் கூம்பியே இருக்கும். கீழ்ப்பற்களின் மொத்த அகலத்துக்கு மேல்பற்களின் அகலம் ஈடாக இல்லாவிட்டால், கடி சரியாக அமைந்த பிறகும் மேலே இடம் மிஞ்சும். இதை அளந்து பார்க்க 1958-இல் போல்டன் என்ற பல்சீரமைப்பு மருத்துவர் ஒரு விகிதக் கணக்கே கொடுத்தார். கீழ் ஆறு முன்பற்களின் அகலம் மேல் ஆறின் அகலத்தில் சுமார் 77 சதவீதம் இருந்தால் பொருத்தம். உங்கள் பற்களில் இந்தப் பொருத்தம் இல்லையென்றால், எத்தனை முறை கிளிப் போட்டாலும் அந்த மிச்ச இடம் எங்காவது தலைகாட்டும். அப்படிப்பட்டவர்களுக்குச் சரியான வழி, சின்னப் பல்லைப் பல் நிறப் பூச்சால் அகலமாக்குவது. கம்பி அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை.

கடியின் ஆழத்தையும் பார்க்க வேண்டும். சிகிச்சைக்கு முன் மேல்பற்கள் கீழ்ப்பற்களை ரொம்ப மூடியிருந்தால், அந்த ஆழமும் மெல்லத் திரும்பி வரும். அப்போது கீழ் முன்பற்கள் மேல்பற்களின் உள்பக்கத்தில் இடித்து, அவற்றை வெளியே தள்ளும். வெளியே போகும் பற்கள் விரிந்துகொள்ளும். இதை நோயாளி கண்டுபிடிப்பது கடினம். மருத்துவர் மெல்லிய வண்ணத் தாளைக் கடிக்க வைத்தால் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

நாக்கையும் குறை சொல்வார்கள். விழுங்கும்போது நாக்கு பல்லைத் தள்ளுகிறது என்பதுதான் வழக்கமான பேச்சு. ஆனால் விழுங்குவது ஒரு நொடி வேலை. அதைவிட, சும்மா இருக்கும் நேரம் முழுவதும் நாக்கு எங்கே படுத்திருக்கிறது என்பதற்குத்தான் பல்லை நகர்த்தும் சக்தி அதிகம். வாயால் மூச்சு விடும் பழக்கம் இருப்பவர்களுக்கு நாக்கு தாழ்ந்து, முன்பற்களின் மேல் சாய்ந்தே இருக்கும். உங்களுக்கு அப்படி என்றால் முதலில் மூக்கடைப்பைப் பார்க்கிற மருத்துவரிடம் போக வேண்டியிருக்கலாம்.

ஞானப்பல் தள்ளியதால்தான் இப்படி ஆனது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பின்னாலிருந்து தள்ளினால் பற்கள் நெருங்க வேண்டுமே தவிர விலகக் கூடாது. நெருக்கத்துக்கே ஞானப்பல்தான் காரணம் என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. அதற்காக அதைப் பிடுங்க அவசரப்பட வேண்டாம்.

பல் எடுத்த இடத்துச் சந்து வேறு ரகம். பல்லை எடுத்துவிட்டு இருபக்கத்துப் பற்களையும் சேர்த்து இழுக்கும்போது, நடுவில் இருக்கும் ஈறு சிலருக்குக் கசங்கி மடிந்து தங்கிவிடும். கிளிப் இருக்கும்வரை அடங்கியிருந்து, கழற்றியதும் அந்த மடிப்பு பற்களை விலக்கும். இன்னொரு காரணம் வேரின் சாய்வு. மேலே தெரியும் பகுதி மட்டும் சாய்ந்து ஒட்டிக்கொண்டு, வேர்கள் எட்டி நின்றால் வெளியில் இடம் மூடியது போலத்தான் தெரியும். கழற்றியதும் பல் நிமிர்ந்துகொள்ளும், சந்து திறக்கும். முழுத்தாடை எக்ஸ்ரே எடுத்தால் வேர்கள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடலாம். கிளிப் கழற்றிய சமயத்தில் எடுத்த படம் இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

இந்தச் சந்தை நான் மற்ற இரண்டையும்விடக் கவனமாகப் பார்ப்பேன். பார்வைக்கு இது மறைவில் இருந்தாலும், சாப்பாடு திரும்பத் திரும்பத் திணிந்தால் ஈறு வீங்கும், பக்கவாட்டில் சொத்தை விழும். அரை மில்லிமீட்டர் சந்து இரண்டு மில்லிமீட்டர் சந்தைவிடத் தொல்லையாக இருப்பதும் உண்டு. பெரிய சந்தில் போன உணவு தானாக வந்துவிடும், சின்னதில் இறுகிவிடும்.

கறுப்பு முக்கோணம் உண்மையில் பற்கள் விலகியதால் வருவதில்லை. முன்பற்கள் நெருக்கமாக இருந்தன என்று எழுதியிருக்கிறீர்கள், கீழ்ப்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்திருக்கலாம். அப்படி ஏறியிருந்த பற்களுக்கு நடுவில் ஈறு ஒழுங்காக நிரம்பியிருக்காது, ஆனால் அது வெளியில் தெரியாது. வரிசையாக நிறுத்தியதும் தெரிகிறது. பல் மேலே அகலமாகவும் ஈறோரத்தில் குறுகியும் இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்திலிருந்து எலும்பின் விளிம்பு வரை 5 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் ஈறு பெரும்பாலும் அந்த இடத்தை நிரப்பிவிடும். 6, 7 என்று கூடக் கூட நிரம்பும் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. அந்தக் கணக்கின்படி, தொடும் இடத்தைச் சற்றுக் கீழே இறக்கினால் முக்கோணம் சிறிதாகும். பக்கவாட்டில் எனாமலை மில்லிமீட்டரில் சில பங்கு மட்டும் இழைத்து நெருக்கி வைப்பதும், பூச்சு வைப்பதும் அதற்கான வழிகள். ரீடெய்னரை எத்தனை வருடம் போட்டாலும் இது மூடாது. நோய் எதுவும் இல்லாமல், தொல்லையும் தராவிட்டால், அப்படியே விட்டுவிடுவதும் நல்ல முடிவுதான்.

நோய் இல்லாமல் என்று சொன்னேன். அதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்குப் புதிதாகச் சந்து விழுந்தால் ஈறுநோய்க்காகவும் பார்த்தே ஆக வேண்டும். பல் தேய்க்கும்போது ரத்தம் வருவது, பல் ஆடுவது, முன்பற்கள் விசிறி போல விரிவது, ஈறு இறங்கிப் பல் நீளமாகத் தெரிவது ஆகியவை ஈறுநோய்க்கான அடையாளங்கள். புகைப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் இது அதிகம். புகைப்பவர்களுக்கு ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும் என்பதால், ரத்தம் வரவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஈறில் அழற்சி இருக்கும்போது பல்லை நகர்த்தினால் எலும்பு இன்னும் வேகமாகப் போகும். எனவே முதலில் ஈறு சிகிச்சை, அது அடங்கிய பிறகுதான் வேறு எதுவும்.

சரி, சிகிச்சையில் தவறு நடந்ததா? வேர்கள் இணையாக இல்லாமல் முடித்திருந்தால், அல்லது உதட்டு மடிப்பைக் கவனிக்காமல் விட்டிருந்தால், முடிவில் குறை இருக்கிறது என்று சொல்லலாம். மற்றபடி, பற்கள் ஓரளவு திரும்புவது நன்றாகச் செய்த சிகிச்சையிலும் நடக்கிறது. ரீடெய்னரை எவ்வளவு காலம் போட வேண்டும், விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெளிவாகச் சொன்னார்களா என்பதுதான் நான் கேட்கும் கேள்வி. இதைப் பலரும் கிளிப் கழற்றும் நாளின் உற்சாகத்தில் அவசரமாகச் சொல்கிறார்கள், கேட்பவரும் அவசரமாகத் தலையாட்டுகிறார்.

இப்போது செய்ய வேண்டியது. பழைய ரீடெய்னர் இருந்தால் கழுவிவிட்டு மெதுவாகப் போட்டுப் பாருங்கள். முழுதாக இறங்கி லேசான இறுக்கம் மட்டும் இருந்தால், சாப்பிடும் நேரமும் பல் தேய்க்கும் நேரமும் தவிர நாள் முழுவதும் போடுங்கள். சிறு சந்து இதிலேயே குறையக்கூடும். பாதியில் நின்றாலோ, ஒரு பக்கம் தூக்கினாலோ, கடித்து அழுத்தி இறக்க முயல வேண்டாம். வலி இருந்தால் கழற்றிவிடுங்கள். வெந்நீரில் போட்டு வளைக்கலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். பிளாஸ்டிக் ரீடெய்னர் வெந்நீரில் உருமாறி வீணாகிவிடும்.

முன்பற்களைச் சுற்றி ரப்பர் பேண்ட் மாட்டிச் சந்தை மூடும் வித்தையை வீடியோ பார்த்துச் செய்கிறார்கள். முன்பல்லின் வேர் நுனியை நோக்கிப் போகப் போகக் குறுகும். ரப்பர் மெல்ல ஈறுக்குள் நழுவி, வேரைச் சுற்றி மேலேறி, எலும்பைத் தின்றுவிடும். நல்ல பற்கள் இரண்டும் ஆடிப்போய் இழந்தவர்கள் இருக்கிறார்கள். இதை மட்டும் விளையாட்டாகக்கூடச் செய்து பார்க்காதீர்கள்.

மறுபடி கிளிப் போடுவது பற்றி: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், முழுச் சிகிச்சையைத் திரும்பச் செய்ய வேண்டிய நிலை இருக்கும் என்று தோன்றவில்லை. நடுச்சந்தைச் சில மாதங்களில் பற்களின் மேல் கழற்றி மாட்டும் தெளிந்த அலைனர் தகடுகளாலோ, முன்பற்களில் மட்டும் வைக்கும் கம்பியாலோ மூடலாம். பல் எடுத்த இடத்துச் சந்துக்கு வேர் சாய்வு காரணமென்றால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் காலம் பிடிக்கும். ஈறு மடிப்பு காரணமென்றால் மடிப்பை நீக்க வேண்டியிருக்கும்.

மூடிய பிறகு நடுப்பற்களின் உள்பக்கம் ஒட்டும் நிலையான கம்பி வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். நடுச்சந்து வந்தவர்களுக்குக் கழற்றி மாட்டுவதை நம்பி விடுவதில் எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அந்தக் கம்பியையும் ஒட்டிவிட்டு மறந்துவிட முடியாது. ஒரு பல்லில் பசை விட்டுப்போனால் வலி இருக்காது, அந்தப் பல் மட்டும் சத்தமில்லாமல் நகர்ந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேலிங் செய்யப் போகும்போது பசை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கம்பிக்கு அடியில் பற்காரை சேருவதால் அதற்குத் தனியாகச் சுத்தமும் தேவை. இரவில் கழற்றி மாட்டும் ரீடெய்னரும் தொடரட்டும். எத்தனை வருடம் என்று கேட்டால், பற்கள் இதே இடத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்கும்வரை. வயதாக ஆகக் கிளிப் போடாதவர்களின் பற்களும் நகரத்தான் செய்கின்றன.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பழைய எக்ஸ்ரே, சிகிச்சைக்கு முன்பும் பின்பும் எடுத்த படங்கள், ரீடெய்னர் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தின் ஆழத்தை அளந்து சொல்லும்படி கேளுங்கள். அதுவரை சாப்பாடு மாட்டும் இடத்தில் குச்சியால் குத்த வேண்டாம்; பல்லிடுக்குக்கென்றே கிடைக்கும் சிறிய பிரஷ்ஷால் இரவில் ஒருமுறை சுத்தம் செய்தால் போதும். எளிதாக உள்ளே போகும் அளவைத் தேர்ந்தெடுங்கள். தள்ளித் திணிக்க வேண்டியிருந்தால் அது உங்களுக்குப் பெரிய அளவு.