சிக்னல் ஜெனரேட்டர் வாங்கும் முன்: கேள்வி பதில்

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்கள் கேட்டவை. ரிசீவரைச் சோதிக்க நாமே அளவா சிக்னல் உண்டாக்கித் தர்ற கருவிதான் சிக்னல் ஜெனரேட்டர். கேட்டவங்க ஊர்ப் பேரை முன்னால போட்டிருக்கேன்.

கொழிஞ்சாம்பாறை: அண்ணா, 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) ரிசீவர் கட்டியிருக்கேன். ஜெனரேட்டர் எத்தனை மெகாஹெர்ட்ஸ் வரை போகணும்?

30 போதும் தம்பி. 2 மீட்டர் (144 மெகாஹெர்ட்ஸ்) ஆசை இருந்தா 150 வரை பாருங்க. அதைவிட முக்கியம், எவ்வளவு சன்னமா சிக்னல் கொடுக்கும்ங்கறது. ரிசீவர் மீட்டர் முள் காட்டற சிக்னல் அளவுதான் எஸ் எண். 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே எஸ்9 என்பது 50 ஓமில் 50 மைக்ரோவோல்ட், அதாவது -73 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை 0-ன்னு வெச்சு டெசிபல்ல சொல்ற அளவு). எஸ்1 -121. மில்லிவோல்ட்டோடு நின்னுபோற ஃபங்ஷன் ஜெனரேட்டரை வெச்சு ரிசீவரோட காதைச் சோதிக்க முடியாது.

நான் முதல்ல கட்டின ஜெனரேட்டர்ல சிக்னலைக் குறைக்கற குமிழை அடிவரை திருப்பியும் முள் எஸ்5-லயே நின்னுது. ரிசீவருக்குப் போற கோஆக்ஸ் கேபிளைப் பிடுங்கினேன், அப்பவும் எஸ்5. சிக்னல் பெட்டி இடுக்கு வழியாவும் பவர் ஒயர் வழியாவும் கசிஞ்சிட்டிருந்தது. காப்பர் கிளாட் (செம்புத் தகடு ஒட்டின) போர்டுல பெட்டி செஞ்சு, நாலு மூலையும் இடைவெளி விடாம ஈயம் வெச்சு, சப்ளை ஒயரை ஃபீட்த்ரூ கபாசிட்டர் (டிசியை விட்டு சிக்னலைப் பெட்டிச் சுவர்லயே தடுக்கறது) வழியா உள்ளே விட்டேன். முள் படுத்துடுச்சு.

மீனாட்சிபுரம்: எஸ்ஐ5351 (சிக்னல் உண்டாக்கற சின்ன சிப்) போர்டு மலிவா கிடைக்குது, போதுமா?

தொடங்க அருமையான பொருள். ஆனா வர்றது சதுர அலை. 7.1 மெகாஹெர்ட்ஸ்ல வெச்சா 21.3-லயும் மூணுல ஒரு பங்கு வோல்டேஜோட நிக்கும், அது 15 மீட்டர் பேண்டுக்குள்ளயே விழும். மேல் அலைகளை வெட்டற லோ பாஸ் ஃபில்டர் கட்டாயம் போடுங்க.

வேலந்தாவளம்: கோயம்புத்தூர் உக்கடத்துல பழைய ஹெச்பி 8640பி சிக்னல் ஜெனரேட்டர் ஒண்ணு பார்த்தேன் சார்.

இன்னிக்கும் அதோட சிக்னல் சுத்தத்துக்கு ஈடு தேடணும். உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விடும், அதனால ஒவ்வொரு குமிழையும் கையால திருப்பிப் பாருங்க, வழுக்கினா விடுங்க. அப்புறம் உங்க ரிசீவரை எடுத்துட்டுப் போய், ஜெனரேட்டர் சிக்னலை 10 டெசிபல் வீதம் இறக்குங்க. முள் சீரா இறங்கணும். ஒரு படியில திடீர்னு விழுந்தா அட்டென்யுவேட்டர் (சிக்னலைக் குறைக்கற பகுதி) எரிஞ்சிருக்கும். அதுக்கு மாத்துப் பொருள் தேடி அலையணும்.

கொழிஞ்சாம்பாறை: டைனிஎஸ்ஏ (கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர்) எப்படி?

புதுசா வாங்கறவங்களுக்கு நான் சொல்றது அதுதான். 350 மெகாஹெர்ட்ஸ் வரை சைன் அலை, -76 டிபிஎம் வரை இறங்கும். வெளியே 40 டெசிபல் பேட் (சிக்னலைக் குறைக்கற ரெசிஸ்டர் கட்டு) போட்டா -116, எஸ்2-க்குச் சற்றுக் கீழ. ஸ்பெக்ட்ரமும் பார்க்கலாம்.

மீனாட்சிபுரம்: டிரான்ஸீவர்ல நேரா மாட்டலாமா?

மைக்கைக் கழட்டிட்டு மாட்டுங்க. தெரியாம பிடிடி (பேசறதுக்கு அமுக்கற பட்டன்) அமுக்கினா 5 வாட், +37 டிபிஎம், திரும்ப ஜெனரேட்டருக்குள்ள போகும். நடுவுல 5 வாட் தாங்கற 20 டெசிபல் பேட் எப்பவும் இருக்கட்டும்.