சேவ் பண்ணியது எங்கே போச்சு?

கே: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகளுக்குப் போனில் தெரியாத வேலை இல்லை. ஆனால் புராஜெக்டைப் பென்டிரைவில் போட்டுக் கொடு என்றால், 'எங்க சேவ் ஆச்சுன்னே தெரியலம்மா' என்கிறாள். இந்தத் தலைமுறைக்கு நிஜமாகவே கம்ப்யூட்டர் தெரியவில்லையா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

ப: மகளைத் திட்டாதீர்கள். நாம் ஒன்றும் பெரிய அறிவாளிகள் இல்லை. கட்டளைகளை டைப் அடித்தே கம்ப்யூட்டரை ஓட்டிய டாஸ் காலத்தில், ஃபைல் எந்த டைரக்டரியில் (இப்போதைய ஃபோல்டர்) கிடக்கிறது என்று தெரியாவிட்டால் கேம்கூட ஓடாது, அதனால் வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்டோம். அவள் கைக்கு வந்த போனோ அதையெல்லாம் மூடி மறைப்பதையே வசதி என்று விற்றது. 2007ல் வந்த ஐபோனில் 'ஃபைல்ஸ்' செயலி தலைகாட்டியதே 2017ல்தான். ஆண்ட்ராய்டு மட்டும் என்னவாம்? வாட்ஸ்அப்பில் வந்த பி.டி.எஃப். போனுக்குள்தான் இருக்கிறது, ஆனால் இன்டர்னல் ஸ்டோரேஜில் நுழைந்து, ஆண்ட்ராய்டு, அதற்குள் மீடியா, அதற்குள் காம்.வாட்ஸ்அப் என்று வெங்காயம் மாதிரி உரித்துக்கொண்டே போனால்தான் 'வாட்ஸ்அப் டாக்குமென்ட்ஸ்' கண்ணில் படும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைக் கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' கொடுத்துவிட்டு, அவளையே தேடச் சொல்லுங்கள். நீங்கள் மவுஸைத் தொடக் கூடாது, அவ்வளவுதான்.

கே: ஃபோல்டர் தெரியாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும்? வேலை நடக்கிறதே!
- ஒரு வாசகர், காரைக்குடி

ப: நடக்கிற வரைக்கும் சரி. நம் பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், கடிவாளம் அடுத்தவர் கைக்குப் போய்விடும். 2009 ஜூலையில், காசு கொடுத்து வாங்கிய ஒரு புத்தகம் பலருடைய கிண்டிலில் (அமேசான் விற்கும் மின்புத்தகக் கருவி) இருந்து காணாமல் போனது. விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும் அமேசான் அங்கிருந்தபடியே அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. (அழிந்தது, பழைய பதிவுகளை அரசே அழித்துத் திருத்தும் கதையான ஜார்ஜ் ஆர்வெலின் '1984'. நான் சொன்னால் நம்புவீர்களா!) அதில் எழுதிவைத்த குறிப்புகள் வீணாய்ப் போன ஒரு மாணவன் வழக்கே போட்டான், அப்போதைய அமேசான் தலைவர் ஜெஃப் பெஸோஸ் மன்னிப்புக் கேட்டார், அதெல்லாம் அப்புறம்.

இப்போது விண்டோஸ் 10 கதை. 2025 அக்டோபர் 14ஓடு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. 11 போடலாம் என்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும் என்கிறது, நன்றாக ஓடுகிற எத்தனையோ பழைய மெஷின்கள் 'தகுதியில்லை'. விஷயம் தெரியாதவர் கடைக்குக் கிளம்புகிறார். தெரிந்தவர் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடுகிறார். என் பத்து வருட லேப்டாப் அப்படித்தான் ஓடுகிறது. பேட்டரி மட்டும் போய்விட்டது, வயரைச் சொருகியேதான் இந்தப் பதிலை அடித்தேன்.