ஓநாய்க்கு யார் அப்பா? – கடிதம்

அன்புள்ள மேடம்,

கோடை விடுமுறையில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் என்ன ஆங்கில நாவல் படிக்கலாம் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்து, மேகி ஸ்டீஃப்வாட்டரின் 'ஷிவர்' வாங்கினேன். என் மகள் இரண்டே ராத்திரியில் முடித்துவிட்டு, வீங்கிய கண்ணோடு வந்து "அம்மா, நீயும் படி" என்றாள். எனக்குப் பதினைந்து நாள் பிடித்தது.

ஓநாய் மனிதன் என்றதும் ரத்தமும் பௌர்ணமியும் வரும் என்று நினைத்தேன். இதில் பௌர்ணமிக்கு வேலையே இல்லை. குளிர்ந்தால் ஓநாய், சூடானால் மனிதன். முக்கால்வாசிப் புத்தகம் ஒரு பெண்ணும் பையனும் சமையலறையில், காரில், புத்தகக் கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். 17 வயதுப் பெண்ணின் அறையில் அந்தப் பையன் ராத்தங்குகிறான். அதே வீட்டில் இருக்கும் அப்பா அம்மாவுக்குத் தெரியவே இல்லை! எந்த ஊரில் மேடம் இப்படி நடக்கும்?

நான் பள்ளி ஆசிரியை. புத்தகம் எங்கள் ஆசிரியர் அறையில் கை மாறி மாறிப் போனது. ஆளுக்கு ஒரு தீர்ப்பு. உயிரியல் டீச்சர், கடைசியில் வரும் வைத்தியத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஆங்கில டீச்சர், இப்படி ஒரு நடையை வாசித்து எவ்வளவு நாளாயிற்று என்கிறார். புதிதாகச் சேர்ந்த கணக்கு டீச்சர், வருஷக்கணக்கில் காட்டோரம் நின்று ஒரு பெண்ணை வெறித்துப் பார்ப்பதற்குப் பெயர் காதலா என்று கேட்கிறார். எனக்கு அந்தப் பெற்றோர் விஷயம்தான் ஜீரணமாகவில்லை. எங்கள் யாருக்குமே புரியவில்லை என்று மகள் சொல்கிறாள்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்த ஓநாய்க்காக நான் அழ வேண்டுமா? இரண்டாம் பாகம் வேறு கேட்கிறாள். வாங்கட்டுமா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

உங்கள் ஆசிரியர் அறைக்கு ஒரு நாள் வந்து டீ குடிக்க ஆசையாக இருக்கிறது. கதையின் முடிவையும் இங்கே பேசப்போகிறேன். நாவலைப் படிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும், பேசுவது அந்தப் பெண் கிரேஸா, ஓநாய்ப் பையன் சாமா என்பதோடு ஓர் எண்ணும் இருக்குமே, கவனித்தீர்களா? நான் முதல் தடவை அதைத் தாண்டித் தாண்டிப் போனேன். அது வெப்பநிலை, ஃபாரன்ஹீட் கணக்கில். 38 என்று இருந்தால் நமக்கு அது பங்குனி வெயில். அங்கே நம் கணக்கில் 3 டிகிரி சொச்சம்தான். 32-இல் தண்ணீர் உறைந்துவிடும். கதை நடப்பது அமெரிக்காவின் வடக்கே மினசோட்டா மாநிலத்தில், மெர்சி ஃபால்ஸ் என்ற கற்பனை ஊரில். அந்த ஓநாய்கள் மனித உடம்போடு இருக்கும் காலம் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்துக்கு மேல் கோடை வந்தாலும் மனித உடம்பு திரும்பாது. இதுதான் தன் கடைசி வருஷம் என்று சாமுக்குத் தெரிந்துவிடுகிறது. அப்புறம் காரிலிருந்து இறங்கி வீட்டு வாசலை அடையும் பத்தடிகூட அவனுக்கு ஆபத்து. சமையலறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்றீர்கள். வேறு எங்கே போவார்கள்? அடுப்பு அங்கேதானே இருக்கிறது.

உங்கள் மகள் அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துப் படித்திருப்பாள், அதனால்தான் இரண்டே ராத்திரி. நீங்கள் ரத்தத்துக்காகக் காத்திருந்தீர்கள். (சாம் திருச்சியில் பிறந்திருந்தால் கதையே இல்லை. ஜவுளிக்கடை ஏசிக்குள் போகாமல் இருந்தால் ஆயுசுக்கும் மனிதன்தான்.)

காத்திருந்ததில் தப்பில்லை. 2009-இல் இந்த நாவல் வந்தபோது பலரும் அப்படித்தான் காத்திருந்தார்கள். ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' 2005-இல் வெளியாகி, 2008-இல் படமாகவும் வந்து, பாரானார்மல் ரொமான்ஸுக்கு, அதாவது அமானுஷ்யக் காதல் கதைகளுக்கு, பெரிய சந்தையே உருவாகியிருந்தது. மேயரின் ஓநாய்ப் பையன் ஜேக்கபுக்கு உடம்பு எப்போதும் அனலாய்க் கொதிக்கும். குளிரில் சட்டை இல்லாமல் திரிவான். அந்த வகைக் கதைகளில் ஓநாய் என்றால் பலம், கோபம், 'நீ எனக்குத்தான்' என்ற உறுமல். நம் மாத நாவல்களின் முரட்டுக் கதாநாயகனுக்கு வால் முளைத்தால் எப்படியோ அப்படி. ஸ்டீஃப்வாட்டரின் சாமுக்கு ஓநாயாவதால் ஒரு லாபமும் கிடையாது. பெயர் போய்விடும், பேச்சு போய்விடும், படித்ததெல்லாம் போய்விடும். ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கேயின் கவிதையைப் படித்துக்கொண்டு பாட்டுக் கட்டித் திரிகிற பையனுக்கு இது மரணம் மாதிரிதான். உறுமலைத் தேடி வந்தவர்கள் 'இவன் என்ன இப்படிக் குழைகிறான்' என்று புத்தகத்தை மூடிவைத்தார்கள். அதே பக்கங்களுக்காகத்தான் உங்கள் ஆங்கில டீச்சர் மயங்குகிறார். எனக்கும் நடை பிடிக்கும். ஆனால் சாம் கட்டுகிற பாட்டு வரிகளில் பாதியை வெட்டியிருக்கலாம்.

கணக்கு டீச்சரிடம் ஒன்று சொல்லுங்கள். வெறித்துப் பார்ப்பது ஓநாய் மட்டும் இல்லை. கிரேஸும் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் வீட்டுக்குப் பின்னால் அந்த மஞ்சள் கண்ணுக்காகக் காத்து நிற்கிறாள். பின்தொடர்வது என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஓநாயைத் தவிர வேறு என்னதான் பிடிக்கும் என்று கேட்டால் எனக்கும் பதில் தெரியாது. சாமின் மனசு தெரிந்த அளவு கிரேஸின் மனசு தெரிவதே இல்லை. நாவலின் பெரிய ஓட்டை இது. இந்த விஷயத்தில் நான் டீச்சர் கட்சி.

உயிரியல் டீச்சர் தலையில் அடித்துக்கொண்டதும் நியாயம், பாதி அளவுக்கு. கிரேஸும் அவள் பள்ளியில் படிக்கும் இசபெலும், ஓநாயாக மாறுகிறவர்களுக்கு மூளைக்காய்ச்சல் கிருமி உள்ள ரத்தத்தை ஏற்றி, காய்ச்சல் வரவைத்து, உள்ளிருக்கும் ஓநாயைக் கொல்லப் பார்க்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் செய்கிற வேலையா இது? ஆனால் காய்ச்சலால் நோயை அடிக்கும் யோசனை வெறும் கற்பனை இல்லை. வியன்னாவில் யூலியஸ் வாக்னர்-யாரெக் என்ற மருத்துவர், மேகநோய் (சிபிலிஸ்) மூளை வரைக்கும் ஏறியவர்களுக்கு 1917-இல் மலேரியா நோயாளியின் ரத்தத்தை ஏற்றிக் காய்ச்சல் வரவைத்தார். அதற்காக 1927-இல் நோபல் பரிசும் வாங்கினார். சிலர் செத்தும் போனார்கள். அவருக்காவது மலேரியாவை இழுத்துப் பிடிக்க குயினைன் கையில் இருந்தது. இந்தப் பெண்களிடம் என்ன இருந்தது? ஊசி போட்டுக்கொண்டவர்களில் இசபெலின் சகோதரன் ஜாக் செத்துவிடுகிறான், சாம் பிழைத்துக்கொள்கிறான். நாவலாசிரியர் ஒரு பிணத்தைக் கொடுத்துத்தான் அந்த முடிவை வாங்குகிறார், சும்மா வாங்கவில்லை. ஆனாலும் அத்தனையும் அவசர அவசரமாக நடந்து முடிந்துவிடுகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் கிரேஸ்-சாம் காதல் நம்பும்படி இருக்கிறதா இல்லையா என்று சண்டை போடுகிறோம். நான் இந்தப் புத்தகத்தைச் சிபாரிசு செய்ததற்கு அந்தக் காதல் காரணமே இல்லை. 'எந்த ஊரில் இப்படி அப்பா அம்மா இருப்பார்கள்' என்று கேட்டீர்களே, அவர்கள்தான் காரணம். கவனக்குறைவால் வந்த ஓட்டை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். கதையே அந்த ஓட்டையின் மேல்தான் நிற்கிறது என்று நான் நினைக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். கிரேஸைச் சின்ன வயதில் ஓநாய்கள் ஊஞ்சலிலிருந்து இழுத்துக்கொண்டு போய்க் கடித்தன. கடிபட்டவர்கள் எல்லோரும் ஓநாயாகிறார்கள், இவள் மட்டும் ஏன் ஆகவில்லை? இதுதான் நாவலின் முடிச்சு. அதற்கு விடை மந்திரமோ விதியோ இல்லை. அவளுடைய அப்பா ஒரு வெயில் நாளில் அவளைக் காருக்குள்ளேயே மறந்துவிட்டுப் போய்விட்டார். பூட்டிய காரில் குழந்தை வெந்து, சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பியது. அந்தச் சூட்டில்தான் ஓநாய் செத்தது. பெற்ற பிள்ளையைக் காரில் மறக்கிற அப்பா, அவள் அறையில் யார் தூங்குகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பாரா? அம்மா ஓவியம் வரைகிறவள், வீட்டில் இருந்தாலும் இல்லாத மாதிரிதான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பிள்ளை ஞாபகமே இல்லாதவர்கள். அந்த மறதிதான் மகளைக் கொல்லப் பார்க்கிறது, அதுவேதான் காப்பாற்றவும் செய்கிறது. இவ்வளவு கசப்பான ஒன்றை ஒரு காதல் நாவலுக்குள் யாரும் கவனிக்காத மாதிரி வைத்திருக்கிறார் ஸ்டீஃப்வாட்டர்.

இந்தப் பக்கம் சாம். அவனுடைய அப்பா அம்மா மறக்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணெதிரே பிள்ளை ஓநாயானதும், குளியல் தொட்டியில் அவனை அழுத்திப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை அறுத்தார்கள். அதனால்தான் பெரியவனான பிறகும் குளியல் தொட்டியைக் கண்டால் அவனுக்கு உடம்பு நடுங்குகிறது. அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தேன். அவனை எடுத்து வளர்ப்பவர் பெக் என்ற வக்கீல், அவரும் ஓநாய்தான். அவர் மட்டும் யோக்கியரா? தான் இனி மனிதனாகத் திரும்பமாட்டோம் என்று தெரிந்ததும், கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று புதுப் பிள்ளைகளைக் கொண்டுவருகிறார். அதைப் பார்த்துச் சாம் உடைந்துபோகிறான். மறந்த அப்பா, கொல்லப் பார்த்த அப்பா, வளர்த்துவிட்டு ஏமாற்றிய அப்பா. இவ்வளவையும் வைத்துக்கொண்டு முத்தக் காட்சி நம்பும்படி இருக்கிறதா என்றுதான் நாம் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

இதில் எனக்குப் பிடித்த இன்னொரு பொருத்தம். ஓநாய்க் கூட்டம் என்றாலே சண்டை போட்டு ஜெயித்த தலைவன், 'ஆல்ஃபா', ஒருவன் இருப்பான் என்று இந்த வகை நாவல்கள் சத்தியம் செய்யும். அந்த எண்ணம் ருடால்ஃப் ஷெங்கல் 1947-இல் எழுதிய ஆய்விலிருந்து வந்தது. அவர் கவனித்தது சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களை. டேவிட் மீச் என்ற ஆராய்ச்சியாளர் 1970-இல் எழுதிய புத்தகம் அந்தச் சொல்லை உலகமெங்கும் பரப்பியது. ஆனால் காட்டு ஓநாய்களைப் பல வருஷம் பார்த்த பிறகு, 1999-இல் அவரே ஒரு கட்டுரை எழுதி மாற்றிச் சொன்னார்: காட்டில் ஒரு கூட்டம் என்பது பெரும்பாலும் ஓர் அப்பா, ஓர் அம்மா, அவர்களுடைய பிள்ளைகள், அவ்வளவுதான். தன் பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்திடமும் கேட்டுக்கொண்டார். அந்த மனிதர் வாழ்நாளில் பெரும்பகுதி ஓநாய்களைத் தேடி அலைந்தது இதே மினசோட்டாக் காடுகளில்தான். ஸ்டீஃப்வாட்டர் இதை மனதில் வைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்பா அம்மா கைவிட்ட இரண்டு பிள்ளைகளின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான மிருகம் கிடைக்காது.

இந்த ஓநாய்க்காக நீங்கள் அழ வேண்டாம். நம் பழமொழியில் ஓநாய் ஆட்டுக்காக அழுவதாக நடிக்கிறது, யாரும் நம்பமாட்டார்கள். இந்தக் கதையில் சாம் அழுவது கிரேஸுக்காக இல்லை, தனக்காகத்தான். அந்த வகையில் நேர்மையான ஓநாய். உங்கள் மகள் யாருக்காக அழுதாள் என்று எனக்குத் தெரியாது. சாமுக்காக என்று நீங்களே முடிவு கட்டிவிட்ட மாதிரி தெரிகிறது. குளியல் தொட்டிப் பக்கமா, காருக்குள் மறந்த பக்கமா, கடைசிப் பக்கமா என்று அவளிடமே கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் பாகம் 'லிங்கர்', 2010-இல் வந்தது. தாராளமாக வாங்குங்கள். முதல் பாகம் முதலில் வந்தபோது நீல மசியில் அச்சிட்டிருந்தார்கள், இதைப் பச்சையில். அதனால் முடிந்தால் கிண்டிலில் படிக்காமல் அச்சுப் புத்தகமாகத் தேடுங்கள். அதில் கிரேஸின் அப்பா அம்மா ஒரு ராத்திரி சாமைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுகிறார்கள். இத்தனை வருஷம் இல்லாத கண்டிப்பு ஒரே நாளில் வந்துவிடுகிறது. 'இப்போதுதான் ஞாபகம் வந்ததா' என்று கிரேஸ் கொதிக்கிறாள். நான் படித்தபோது ஒரு பக்கம் அவள் கட்சி, மறு பக்கம் அவர்கள் கட்சி என்று மாறிக்கொண்டே இருந்தேன். உங்களுக்கு இந்தத் தடவை பதினைந்து நாள் ஆகாது. மகள் கையில் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் படித்துவிடுங்கள்.

அன்புடன்.