துணிச்சலா, வேறு வழியில்லையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

'ஜெம்' என்ற உலகத் தொழில்முனைவு ஆய்வின் பழைய எண்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 2012இல் உகாண்டாவில் மூன்றில் ஒருவருக்கு மேல் புதுத்தொழிலில் இருந்திருக்கிறார்கள். ஜப்பானில் சுமார் 4 சதவீதம்தான். நாடு பணக்கார நாடாகிவிட்டால் மக்களுக்குத் துணிச்சல் குறைந்துவிடுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

துணிச்சலை அப்புறம் பார்க்கலாம். அந்த எண்ணுக்குள் யாரெல்லாம் இருக்கிறார்கள்? 18 முதல் 64 வயதுக்குள் இருந்து, தொழில் தொடங்கும் முயற்சியில் இருந்தாலோ தொடங்கி 42 மாதம் தாண்டாமல் இருந்தாலோ போதும், கணக்கில் சேர்ந்துவிடலாம். வாசலில் தையல் இயந்திரத்தைப் போட்டு உட்கார்ந்தவரும் ஒரு ஆள்தான், முதலீட்டாளர் பணத்தில் மென்பொருள் நிறுவனம் தொடங்கியவரும் ஒரு ஆள்தான்.

ஆய்வாளர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் 'வாய்ப்பு தெரிந்து வந்தீர்களா, வேறு நல்ல வேலை இல்லாமல் வந்தீர்களா' என்று கேட்க ஆரம்பித்தார்கள். இரண்டாவது பதில் ஏழை நாடுகளில் அதிகம், வருமானம் ஏற ஏறப் பொதுவாகக் குறைகிறது. சும்மா இருப்பதற்கும் வசதி வேண்டுமே! வேலை போனால் அரசு உதவித்தொகை தரும் நாட்டில் சில மாதம் நிதானமாக வேறு வேலை தேடலாம். அது இல்லாத இடத்தில் மறுநாளே எதையாவது விற்றாக வேண்டும். பிறகு தொழிற்சாலைகள் வந்து மாதச் சம்பளம் கிடைக்கும்போது, பலர் கடையை மூடிவிட்டு அங்கே போய்விடுகிறார்கள். இதைக் கோழைத்தனம் என்று யாராவது சொல்வார்களா?

நாடு இன்னும் வளர்ந்தால் புதுத்தொழில்கள் மறுபடி கூடும், வரைபடம் 'யு' வடிவில் வரும் என்றும் சிலர் சொல்கிறார்கள். அந்த வலதுபக்க ஏற்றத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

'வாய்ப்பா, வேறு வழியில்லையா' என்ற அந்தக் கேள்வியிலேயே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கணவருக்கு வேலை போனதால் தைக்க உட்கார்ந்த பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்தில் இரண்டு உதவியாளர்கள், பள்ளிச் சீருடை ஆர்டர் என்று வளர்ந்துவிட்டார். இப்போது கேட்டால் 'வாய்ப்பைப் பார்த்தேன், பிடித்துக்கொண்டேன்' என்பார். பொய்யில்லை. ஆட்குறைப்பில் வெளியே வந்து, கையில் கிடைத்த இழப்பீட்டில் கம்பெனி தொடங்கிய பொறியாளரும் 'சொந்தமாகச் செய்ய ரொம்ப நாள் ஆசை' என்பார். அவரைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டது வேலையிழப்பு. வேறு வழியில்லாமல் வந்தேன் என்று முன்பின் தெரியாதவரிடம் சொல்ல யாருக்கு மனம் வரும்?

2019 முதல் அந்த ஆய்வு நான்கு காரணங்களைத் தனித்தனியாகக் கேட்கிறது: உலகில் ஒரு மாற்றம் கொண்டுவர, செல்வம் சேர்க்க, குடும்பத் தொழிலைத் தொடர, வேலை அரிது என்பதால் பிழைக்க. நான்குக்குமே ஆமாம் சொல்லலாம். இது பரவாயில்லை.

நானாக இருந்தால் இன்னொன்று கேட்பேன்: 'நிரந்தர வேலை, நல்ல சம்பளம். கடையை மூடிவிட்டு வருகிறீர்களா?' அந்தப் பொறியாளர் கொஞ்சம் யோசிப்பார். தையல் இயந்திரத்தை வாங்கிய முதல் வாரத்தில் கேட்டிருந்தால், அந்தப் பெண் என்றைக்குச் சேர வேண்டும் என்றுதான் கேட்டிருப்பார். வறுமையை ஆராயும் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் பல நாட்டு ஏழைப் பெற்றோரிடம் பிள்ளைகளைப் பற்றிய கனவைக் கேட்டபோது அதிகம் வந்த பதில், அரசாங்க வேலை.