ஜெர்மனிக்கு வந்த பிறகு ஸ்காலர்ஷிப் தேடுவது

"ஸ்காலர்ஷிப் இல்லாமலே ஜெர்மனிக்கு வந்துட்டேன் அண்ணா, ஒரு செமஸ்டரும் முடிஞ்சது, இனி வழியே இல்லையா?" என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது தம்பி. தேடுகிற இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

எல்லோரும் முதலில் டிஏஏடி (வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை தரும் ஜெர்மன் அமைப்பு) பக்கம்தான் ஓடுவோம். அதன் படிப்பு உதவித்தொகைகளுக்கு, 15 மாதத்துக்கு மேல் ஜெர்மனியில் இருந்துவிட்டால் பொதுவாக விண்ணப்பிக்கவே முடியாது. உள்ளே வந்துவிட்டவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சொந்தப் பல்கலைக்கழகத்தை.

அங்கே டாய்ச்லாண்ட்ஸ்டிபெண்டியம் என்ற உதவித்தொகை இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் 300 யூரோ. பாதி மத்திய அரசு, பாதி தனியார் நன்கொடை. எந்த நாட்டுக்காரர், வீட்டு வருமானம் எவ்வளவு என்பதெல்லாம் தடையில்லை. கடைசித் தேதி பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும்.

நான் முதல் தடவை இதற்கு விண்ணப்பித்தபோது கடிதம் முழுக்க மார்க்கைப் பற்றியே எழுதினேன். கிடைக்கவில்லை. அடுத்த வருடம் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இருந்த ஒரு அம்மா அதைப் படித்துவிட்டு, "படிப்பு போக மற்ற நேரத்தில் என்ன செய்கிறாய்?" என்று கேட்டார். புதிதாக வரும் பசங்களை முகவரிப் பதிவுக்குக் கூட்டிப்போவேன், படிவம் நிரப்பிக் கொடுப்பேன் என்றேன். "இதை ஏன் எழுதவில்லை?" என்று பேனாவை என் பக்கம் நகர்த்தினார். அதெல்லாம் ஒரு தகுதி என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான் என்பதையும் சேர்த்தேன். மதிப்பெண்ணோடு பொதுப்பணி, குடும்பச் சூழல் இரண்டையும் பார்க்க வேண்டும் என்று இந்த உதவித்தொகைக்கான சட்டமே சொல்கிறது. அந்த முறை கிடைத்தது.

தீசிஸ் நேரத்தில் கை வறண்டுபோனால், படிப்பை முடிப்பதற்கான உதவி உண்டா என்று அதே அலுவலகத்தில் கேளுங்கள். பல பல்கலைக்கழகங்கள் டிஏஏடி நிதியிலிருந்தே சில மாதங்களுக்குத் தருகின்றன. ஃப்ரீட்ரிஷ் எபர்ட், ஹைன்ரிஷ் பொல் அறக்கட்டளைகளும் இங்கே படிக்கிற வெளிநாட்டு மாணவர்களை எடுக்கும். அதற்கு ஜெர்மன் நன்றாக வேண்டும், இன்றைக்கே வகுப்பில் சேருங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்குக் கடைசி வாரத்தில் பேராசிரியர் முன்னால் போய் நிற்காதீர்கள். ஒரு மாதம் முன்பே கேளுங்கள். அவர் பாடத்தில் நீங்கள் செய்த புராஜெக்ட்டை அரைப் பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். முடிவு வர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை பகுதிநேர வேலையை விட வேண்டாம்.

விண்ணப்பக் கடிதத்தை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.