சுண்ணாம்பு போட்டும் குரோமியம் இறங்கவில்லையே?

கேள்வி: கோவையில் சிறிய நிக்கல், குரோம் பிளேட்டிங் பட்டறை வைத்திருக்கிறோம். கழிவுநீரில் சுண்ணாம்பு கலந்து, தெளிந்த பிறகுதான் வெளியே விடுகிறோம். ஆனாலும் லேப் ரிப்போர்ட்டில் குரோமியம் அளவு மீறுகிறது. ஒரு ஏஜென்ட், "இந்தப் பவுடரைப் போட்டால் எல்லா உலோகமும் படிந்துவிடும்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். குரோம் தொட்டியிலிருந்து வரும் மஞ்சள் தண்ணீரில் இருப்பது ஆறு இணைதிற குரோமியம், அதாவது தண்ணீரில் கரைந்தே நிற்கும் வகை. எத்தனை மூட்டை சுண்ணாம்பு கொட்டினாலும் அது படியாது. முதலில் அதை மூன்று இணைதிறனுக்கு மாற்ற வேண்டும். சல்ஃப்யூரிக் அமிலம் விட்டு பிஎச்சை (அமில, கார அளவை) 2க்கும் 3க்கும் இடையில் கொண்டுவந்து, சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டுக் கலக்குங்கள். நெடி கடுமையாக இருக்கும், காற்றோட்டம் அவசியம். மஞ்சள் முழுக்கப் போய்ப் பச்சையானதும் சுண்ணாம்பு போட்டு, பிஎச் 8.5 பக்கம் நிறுத்துங்கள். அதிகம் போட்டால் படிந்தது மறுபடி கரையும். நிக்கல் படிவதற்கோ பிஎச் 10 பக்கம் வேண்டும். அதனால் குரோம் தண்ணீரையும் நிக்கல் தண்ணீரையும் தனித்தனியே பிடியுங்கள்.

இந்த மாதிரிப் பவுடர்களில் பெரும்பாலும் இருப்பது படிகாரமும் பாலிமரும்தான். மிதக்கும் தூசியைத் திரட்டித் தண்ணீரைப் பளிச்சென்று காட்டும், கரைந்த குரோமியத்தைத் தொடாது. ஏஜென்ட் கண்ணாடி டம்ளரைத் தூக்கிக் காட்டினால், அதே தண்ணீரை லேபுக்கு அனுப்புங்கள். ஆறு இணைதிற குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், மொத்தக் குரோமியம் 2, நிக்கல் 3. இதற்கு மேல் போகக் கூடாது. போர் தண்ணீர் கலந்து எண்ணைக் குறைக்கச் சொல்பவர் பேச்சையும் கேட்காதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து ஆய்வுக்கு வருபவர்கள் பிஎச் தாளை நனைத்துவிட்டுப் பதிவேட்டைக் கேட்கிறார்கள். ஆறு இணைதிற குரோமியம் இருந்தால் ஊதா நிறம் காட்டும் கிட் சுலபமாகக் கிடைக்கிறது, அதைக் கையோடு கொண்டுவந்தால் என்ன?

நிக்கலுக்கு அடியில் காப்பர் பூசுகிறீர்களா? அது சயனைடு தொட்டியாக இருந்தால் மேலே சொன்னதைச் செய்வதற்கு முன் இதைப் படியுங்கள். சயனைடு தண்ணீர் கொஞ்சம்கூட அமிலம் விட்ட தொட்டிக்குள் போகக் கூடாது. போனால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும், நின்ற இடத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். குழாய், தொட்டி, வாளி எல்லாம் தனியாக இருக்கட்டும். தரை கழுவிய தண்ணீரும் இதில் சேர்த்திதான். இரண்டு பக்கத் தண்ணீரும் ஒரே சாக்கடையில் கலக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள், பையனை அனுப்பாதீர்கள். சயனைடை பிஎச் 10.5க்கு மேல் வைத்து ஹைப்போகுளோரைட் கொண்டு தனியாகச் சிதைக்க வேண்டும். அந்தத் தொட்டியை அமைக்க, இந்த வேலை தெரிந்த பொறியாளரை நேரில் அழைத்துக் காட்டுங்கள்.

கடைசியாக ஸ்லட்ஜ், அதாவது தொட்டி அடியில் படியும் உலோகச் சேறு. "பாதிக் கட்டணத்துக்கு அகற்றித் தருகிறேன்" என்று மினி லாரியோடு வருபவர் அதைக் கல்குவாரியிலோ ஏரிக்கரையிலோ கொட்டிவிட்டுப் போவார். சட்டப்படி அந்தக் கழிவுக்குப் பொறுப்பு நீங்கள். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் நிலத்தடி நீரையே கெடுத்தது. 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி, வாரியம் நீட்டித்துத் தந்தால் தவிர, ஸ்லட்ஜை 90 நாள்தான் வைத்திருக்கலாம். இரண்டு மூட்டைக்கு யாரும் வண்டி அனுப்புவதில்லை, நாள் கணக்கு மட்டும் ஓடுகிறது. சிறு பட்டறைக்காரரை அந்த லாரிக்காரர் கையில் தள்ளிவிடுவதே இந்த ஏற்பாடுதான். பக்கத்துப் பட்டறைகளோடு பேசி, அனுமதி பெற்ற வண்டியை ஒரே நாளில் வரவழையுங்கள். மேனிஃபெஸ்ட் (கழிவு யாரிடமிருந்து எங்கே போகிறது என்ற சீட்டு) மட்டும் ஆளுக்கு ஒன்று தனியாக இருக்க வேண்டும், நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.